கொள்ளிடம் தாண்டிய நாய்

எங்கள் ஊரில் நாயைத் தொலைப்பதற்கு ஒரு முறை உண்டு. ஸ்ரீரங்கம் இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருப்பதால் வந்த முறை. பக்கத்துத் தெருவில் விட்டால் திரும்பி வந்துவிடும். காவிரியைத் தாண்டி விட்டாலும் பஸ்ஸுக்கும் ஜனத்துக்கும் பின்னாலேயே எப்படியோ வந்து சேர்ந்துவிடும் என்பார்கள். கொள்ளிடத்தைத் தாண்ட வேண்டும். பாலத்தின் மேல் போகும்போது அதன் மூக்கை மூடிவிட வேண்டும். ஆற்றுக் காற்றை மோந்துவிட்டால் வழி பிடித்துக்கொள்ளும்.

இதை எனக்குச் சொன்னவர் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர். அவருக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். அவரை மாமா என்றும் அவர் மனைவியை மாமி என்றும்தான் கூப்பிடுவேன். அவர்கள் வீட்டின் பின்பக்கம் ஒரே ஒரு அறையில் பதினேழு வருஷமாகக் குடியிருக்கிறேன். தனி ஆள். தெருவிலிருந்து என் அறைக்கு வர, அவர்கள் வீட்டை ஒட்டிய சந்து வழியாக, கிணற்றடியைத் தாண்டித்தான் வர வேண்டும்.

வேலை தில்லை நகரில் ஒரு கிளினிக்கில். பத்தாவது வரைதான் படிப்பு. டோக்கன் கொடுப்பது, வரிசைப்படி உள்ளே அனுப்புவது, ரத்தம் எடுக்கும்போது கையில் ரப்பர் கட்டிப் பிடித்துக்கொள்வது எல்லாம் என் வேலை. இதில் வரிசை கூப்பிடுவதுதான் எனக்கு இன்றைக்கும் கஷ்டம். குரல் எழும்பாது. பேர் சொல்லிக் கூப்பிடக் கூச்சம். எண்ணைச் சொன்னாலும் கடைசி பெஞ்சு வரை கேட்காது. ஒருமுறை குழந்தையோடு வந்த அம்மா ஒருத்தர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்.

"என்னங்க நீங்க, காதுல ரகசியம் சொல்ற மாதிரி கூப்பிடுறீங்க? உங்களை நம்பி உக்காந்திருந்தா எம்புள்ளைக்குக் காய்ச்சல் தானாவே இறங்கிடும் போலிருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், "அடுத்தவங்க வாங்க" என்று கொஞ்சம் உரக்கச் சொல்லப் பழகினேன். வாழ்க்கையில் நான் சத்தமாகச் சொல்லிப் பழகிய வாக்கியம் அது ஒன்றுதான்.

நாய் வந்தது ஐப்பசி மழையில். கிளினிக் வாசலில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில், ஒரு ஸ்கூட்டருக்கு அடியில் நனைந்துகொண்டிருந்ததை அறைக்குத் தூக்கி வந்தேன். சாம்பல் நிறம். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். வளர்ந்த பிறகும் ஒரு கட்டைப் பைக்குள் அடங்குகிற அளவுதான். மடிந்த காதின் உள்பக்கம் உண்ணி கடித்த புண் ஒன்று ஆறுவதும் மறுபடி கிளம்புவதுமாக இருந்தது. பெயர் வைக்கவில்லை. தெருவில் நின்று ஒரு பெயரைச் சத்தமாகக் கூப்பிடுகிற ஆள் நான் இல்லை. நாக்கை மேலே தட்டி இரண்டு தடவை 'ச்சு ச்சு' என்பேன். கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஒரு 'ச்சு'. எங்கிருந்தாலும் வந்துவிடும்.

தகராறு கிணற்றடியில்தான் வந்தது. மாமி காலையில் குளித்துவிட்டு ஈரப் புடவையோடு பெருமாளுக்குப் படைக்கும் தளிகை சமைக்கத் தண்ணீர் எடுப்பார். நாய்க்கு அவர் மேல் ஒரு பிரியம். ஓடிப்போய்க் காலில் உரசிவிடும். அவர் மறுபடி குளிக்க வேண்டும். மாசி முடிந்து பங்குனி பிறந்த சமயம், மாமா என்னைச் சந்தில் நிறுத்தினார்.

"இதப் பாருங்கோ, ஒரு நாளைக்கு மூணு தடவை ஸ்நானம் பண்றா. அவளுக்கோ முட்டி வலி. நான் யாருக்குப் பரிஞ்சு பேசறது? உங்களுக்கா, நாய்க்கா, முட்டிக்கா?"

"கட்டிப் போட்டுர்றேன் மாமா."

"நீங்களா? அது எஜமான் மாதிரி முன்னால போறது, நீங்க அதோட நாய் மாதிரி பின்னால போறேள். இதை நான் சொல்லலை, அவ சொல்லிச் சிரிக்கறா. உத்ஸவத்துக்குப் பொண்ணு மாப்பிள்ளை எல்லாம் வரா. அதுக்குள்ள நல்ல இடமாப் பாத்து விட்டுட்டு வந்துடுங்கோ. கொள்ளிடம் தாண்டி விடுங்கோ. பாலத்து மேல பை வாயைக் கட்டிடணும், ஞாபகம் வெச்சுக்கோங்கோ."

"சரிங்க மாமா" என்றேன்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் ஏதாவது பேசியிருப்பார்கள். தனி ஆளுக்கு அறை கிடைப்பதே இங்கே பெரும்பாடு. நாயோடு போனால் யார் கொடுப்பார்கள்? அறையா நாயா என்று அந்த வாரம் முழுக்க யோசித்தேன். யோசித்தேன் என்று சொல்வது கூடப் பொய். அறை என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டேன். எங்கே விடுவது என்பதைத்தான் யோசித்தேன்.

கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் உடனே லாரி ஓடும் ரோடு. அங்கே விட்டால் ஒரு நாள் தாங்காது. துறையூர் போகிற வழியில் ஒரு சின்ன மலை இருக்கிறது. உச்சியில் பெருமாள் கோயில், பக்கத்தில் ஒரு சுனை. பல வருஷத்துக்கு முன் ஒரு புரட்டாசி சனிக்கிழமை ஏறியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் ஆட்கள் வந்து சாப்பிட்டு மிச்சத்தை அங்கேயே போட்டுவிட்டுப் போவார்கள். அன்றைக்கு இரண்டு மூன்று நாய்களைப் பார்த்த ஞாபகம். டாக்டர் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போனதால் வெள்ளிக்கிழமை கிளினிக் விடுமுறை. வெள்ளியன்று யாரும் இருக்க மாட்டார்கள், நான் செய்வதைப் பார்க்க ஆள் கிடையாது. மறுநாள் சனிக்கிழமை, யாராவது வந்து சோறு போடுவார்கள். இப்படி எல்லாவற்றையும் சரியாகக் கோர்த்து வைத்துக்கொண்டேன்.

காலையில் கட்டைப் பையில் ஒரு பழைய சாக்கை மடித்துப் போட்டு, நாயை உட்கார வைத்தேன். அது பைக்குள் இருந்தபடியே வாலை ஆட்டியது. தயிர் சாதம், பிஸ்கட், தண்ணீர் பாட்டில். திருவானைக்காவலில் துறையூர் பஸ் ஏறினேன்.

கண்டக்டர் பையைப் பார்த்தார். "உள்ள என்னண்ணே, கோழியா?"

"நாய்ங்க. சின்னது."

"கடிக்குமா?"

"கடிக்காதுங்க."

"இந்த பஸ்ல ஆளுங்கதான்ணே கடிப்பாங்க. ஜன்னலோரமா உக்காருங்க. வாந்தி எடுத்துச்சுன்னா தொடைக்கிறது நீங்கதான், நான் இல்ல."

முன் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மா திரும்பிப் பார்த்தார். "எங்க கொண்டு போய் விடப் போறீங்க?" என்று நேராகவே கேட்டார்.

"விடுறதுக்கு இல்லீங்க. மலைக்குப் போறோம். சும்மா."

அவர் என் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

கொள்ளிடம் பாலம் வந்தது. ஆறு முழுக்க மணல். ஒரு ஓரமாக மட்டும் தண்ணீர் ஒடுங்கி ஓடிக்கொண்டிருந்தது. தோளில் இருந்த துண்டை எடுத்துப் பையின் வாயை மூடினேன். கையை உள்ளே விட்டு அதன் மூக்கைப் பொத்தினேன். அது திமிறவில்லை. பாலம் முடியும்வரை என் உள்ளங்கைக்குள் சூடாக மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. கையை எடுத்தபோது நனைந்திருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

மலையடிவாரத்தில் ஒரு புளியமரம். அடியில் மோர்ப்பானை வைத்துக்கொண்டு ஓர் அம்மா. நாயை இறக்கி விட்டதும் அது உடம்பைச் சிலுப்பிக்கொண்டு அவரைச் சுற்றி ஓடியது.

"என்னண்ணே, நாய்க்கு மொட்டை போடுற வேண்டுதலா?" என்றார்.

"இல்லீங்க. சும்மா ஏறிட்டு வரலாம்னு."

"இன்னிக்கு மேல ஒருத்தரும் கிடையாதுங்க. ஐயரு நாளைக்குத்தான் ஏறுவாரு. ஒரு மணிக்கெல்லாம் இறங்கிடுங்க. பாறை சுட ஆரம்பிச்சா இதுக்குக் காலு வெந்துடும்."

சரி என்றேன். நாய்க்கும் சேர்த்துச் சொன்னது என்னை என்னவோ செய்தது.

படிகள் கிடையாது. பாறை மேல் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டிருக்கும். அதைப் பார்த்துப் போக வேண்டும். எட்டு மணி வெயில் இன்னும் சுடவில்லை. கீழே புங்க மரங்கள் புதுத் தளிர் விட்டு எண்ணெய் தடவியது போல மினுங்கின. வேப்பம்பூ வாசனை கொஞ்ச தூரம் கூடவே வந்தது. மேலே போகப் போகப் புல் காய்ந்து கிடந்தது. நடுநடுவே ஒரு மரம், இலை ஒன்றுகூட இல்லாமல் மஞ்சள் பூவை மட்டும் வைத்துக்கொண்டு நின்றது. பெயர் தெரியவில்லை. அதன் அடியில் பூக்கள் முழுசாக விழுந்து கிடந்தன.

நாய்க்கு அப்படி ஒரு சந்தோஷம். வழக்கம்போல் பத்தடி முன்னால் ஓடும், நின்று திரும்பி என்னைப் பார்க்கும், நான் பக்கத்தில் வந்ததும் மறுபடி ஓடும். தெருவிலும் அப்படித்தான். மாமி சிரித்தது அதைப் பார்த்துத்தான்.

பாதி மலை ஏறியிருப்பேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நாய் முன்னால் போய் நின்றது. திரும்பிப் பார்த்தது. நான் பக்கத்தில் போனேன். அது ஓடவில்லை. நான் அதைத் தாண்டினேன். அப்போதும் நின்ற இடத்திலேயே நின்று, நான் வந்த வழியைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு வாலை ஆட்டியது. அப்புறம்தான் ஓடி வந்து என்னை முந்திக்கொண்டு போனது.

திரும்பிப் பார்த்தேன். பாறை, காய்ந்த புல், மஞ்சள் பூ மரம். யாரும் இல்லை.

அடுத்த தடவையும் அப்படியே. எனக்காக நிற்கவில்லை. எனக்குப் பின்னால் மெதுவாக ஏறி வருகிற யாருக்கோ நின்றது. அவர் வந்து சேர்ந்ததும் வாலை ஆட்டிவிட்டுப் புறப்பட்டது. எத்தனை நேரம் நிற்கிறது என்று மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. வருகிறவர் நெருங்கிக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். அதன் பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். திரும்பிப் பார்ப்பதையும்தான்.

உச்சியில் கோயில் கம்பிக்கதவு பூட்டியிருந்தது. சுனையில் தண்ணீர் பச்சையாக, அசையாமல் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பாறை முழுக்கக் கல்வீடுகள். சொந்த வீடு வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வருகிறவர்கள், சின்னச் சின்னக் கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டுப் போவார்கள். மூன்று கல், ஐந்து கல், சிலது மாடிவீடு போல ஏழெட்டுக் கல். நானும் அந்தப் புரட்டாசியில் மூன்று கல் வைத்தேன். என்னுடையது எது என்று தெரியவில்லை. நூறு இருநூறு வீடுகள் இருந்தன, ஒன்றிலும் ஆள் இல்லாத ஓர் ஊர் மாதிரி. காற்றும் இல்லை. பறவைச் சத்தம் எப்போது நின்றது என்று எனக்கு நினைவில்லை.

சுனைக்குப் பக்கத்தில் நிழல் இருந்தது. ஒரு மரத்தின் வேர் பாறைக்கு மேலே எழும்பி வந்திருந்தது. துண்டின் ஒரு முனையை வேரில் கட்டினேன். மறுமுனையை அதன் கழுத்தில் சுற்றி, கிளினிக்கில் கையில் ரப்பர் கட்டும்போது போடுகிற முடிச்சைப் போட்டேன். இரண்டு விரல் நுழைகிற இடம் விட்டேன். அந்த முடிச்சு ஒரு முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும். நாய் விடாமல் இழுத்தால் சாயங்காலத்துக்குள் தானே விடுவித்துக்கொள்ளும், அதற்குள் நான் வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். இதையும் யோசித்துத்தான் வைத்திருந்தேன்.

அங்கே கிடந்த ஒரு கொட்டாங்குச்சியில் தண்ணீர் வைத்தேன். இலையில் தயிர் சாதத்தைப் பிரித்து வைத்தேன். நாய் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை. குரைக்கவும் இல்லை. உட்கார்ந்துகொண்டு என் தோளுக்கு மேலே பார்த்து வாலை ஆட்டியது. ஒரு ஆள் நின்றால் முகம் எங்கே இருக்குமோ அந்த உயரத்தில் அதன் கண் இருந்தது.

நான் எழுந்து நடந்துவிட்டேன்.

இறங்கும்போதுதான் தெரிந்தது, அம்புக்குறிகள் எல்லாம் ஏறுகிறவர்களுக்காகப் போட்டவை. கீழே பார்த்துப் போகிறவன் கண்ணில் பாறையின் மறுபக்கம்தான் படும். அங்கே ஒன்றும் இல்லை. பத்து நிமிஷத்தில் வழி தவறிவிட்டேன். மஞ்சள் பூ மரம் ஒன்றைத் தாண்டினேன். கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. அதன் அடியில் ஒரு பூவை யாரோ மிதித்திருந்தார்கள். என் செருப்பின் தடம்தான். சுற்றி அதே இடத்துக்கு வந்திருக்கிறேன்.

அங்கே நின்று மூச்சு வாங்கும்போது மேலேயிருந்து கேட்டது.

ச்சு ச்சு. கொஞ்சம் நிறுத்தி, மறுபடி ஒரு ச்சு.

முதலில் எனக்கு நிம்மதிதான் வந்தது. யாரோ மேலே இருக்கிறார்கள், ஆடு மேய்க்கிறவராக இருக்கும், நாயைப் பார்த்துவிட்டார், கூப்பிடுகிறார். நல்ல இடத்தில்தான் விட்டிருக்கிறோம். இப்படி நினைத்து இரண்டடி வைத்தேன். மூன்றாவது அடி வைக்க முடியவில்லை. எல்லோரும் நாயை 'ச்சு ச்சு' என்றுதான் கூப்பிடுவார்கள். சரி. நடுவில் நிறுத்தி ஒற்றையாக ஒன்று சொல்வது நான் மட்டும்தான்.

மறுபடி கேட்டது. என் வாயிலிருந்து வந்தது போலவே இருந்தது. வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பயத்தில் கீழே ஓடியிருக்க வேண்டும். ஆனால் அந்தச் சத்தத்துக்கு நாய் போகும் என்று எனக்குத் தெரியும். யார் கூப்பிட்டாலும், நான்தான் என்று நினைத்துப் போகும். வாலை ஆட்டிக்கொண்டு போகும். நான் மேலே ஏறினேன். கையும் காலும் ஊன்றி, முழங்காலில் தோல் உரிய ஏறினேன்.

சுனைக்குப் பக்கத்தில் நாய் இல்லை.

துண்டு இருந்தது. வேரில் கட்டிய முனை அப்படியே. மறுமுனையின் வளையமும் அப்படியே தரையில் கிடந்தது. முடிச்சு அவிழவில்லை. கடித்த தடமும் இல்லை. விரலை விட்டுப் பார்த்தேன். நான் விட்டிருந்த அதே இரண்டு விரல் இடம். அதற்குள்ளிருந்து அந்தத் தலை வெளியே வந்திருக்க முடியாது. கொட்டாங்குச்சித் தண்ணீர் நிறைய இருந்தது. தயிர் சாதத்தில் எறும்பு மட்டும் வந்திருந்தது.

கோயிலைச் சுற்றினேன். சுனையைக் குனிந்து பார்த்தேன். கல்வீடுகளுக்கு நடுவே, ஒன்றையும் தட்டிவிடாமல், ஒவ்வொரு சந்தாகப் பார்த்தேன். 'ச்சு ச்சு' என்று கூப்பிட நாக்கு எழும்பவில்லை. அந்தச் சத்தத்தை இப்போது வேறு யாரோ வைத்திருந்தார்கள். கத்திக் கூப்பிடலாம் என்றால் பெயர் இல்லை. ஒரு பெயர் வைத்திருக்கலாம். ஐந்து மாசம் ஆகியும் வைக்கவில்லை. போனை எடுத்து மணி பார்த்தேன், பன்னிரண்டாகப் போகிறது. பாறை செருப்பைத் தாண்டிச் சுட்டது. அதன் காலை நினைத்தேன். வாயைத் திறந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே சத்தம்தான் வெளியே வந்தது.

"அடுத்தவங்க வாங்க!"

வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் எதையும் சொன்னதில்லை. எதிர்ப்பாறையில் பட்டுத் திரும்பி வந்தது. வாங்க, வாங்க என்று இரண்டு தடவை. பிறகு அடங்கியது. அடங்கி, நான் ஒரு மூச்சு இழுத்து விட்ட பிறகு, இன்னொரு தடவை கேட்டது. இந்தத் தடவை சத்தமாக இல்லை. கடைசி பெஞ்சுக்குக் கேட்காத, எல்லோரும் சிரிக்கிற, என் வழக்கமான குரலில்.

நான் யாரைக் கூப்பிட்டுவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த இடத்தில் அடுத்தவர் என்று யார் இருந்தார்கள்?

துண்டை வேரிலிருந்து அவிழ்த்து எடுத்துக்கொண்டேன். எப்படி இறங்கினேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு பாறைக்கும் திரும்பி நின்று, மேலே ஏறுகிறவன் மாதிரி பார்த்து, அம்புக்குறியைக் கண்டுபிடித்து, பிறகு இறங்கினேன். பாதி மலைக்குக் கீழே, பாதை நடுவில் ஒரு தட்டைப் பாறையில் நாய் உட்கார்ந்திருந்தது.

ஓடி வரவில்லை. என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. அப்புறம் எனக்குப் பக்கத்தில் பார்த்து இன்னொரு தடவை ஆட்டியது. நான் அதை வாரி எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டேன். உடம்பு குளிர்ச்சியாக இருந்தது. அந்த வெயிலில் மத்தியானம் முழுக்க அலைந்த உடம்பு மாதிரி இல்லை. நல்ல நிழலில் படுத்துத் தூங்கி எழுந்த உடம்பு.

மடிந்த காதின் உள்ளே மஞ்சளாக ஏதோ இருந்தது. பூவின் தூள் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் துடைத்தேன். போகவில்லை. மோந்து பார்த்தேன். மஞ்சள்பொடி. எண்ணெயில் குழைத்து, புண்ணின் மேல் சரியாக, விரலால் தடவிய மஞ்சள். இன்னும் ஈரம் காயவில்லை.

மோர் அம்மா புளியமரத்தடியில் அரைத் தூக்கத்தில் இருந்தார்.

"மேல யாராச்சும் போனாங்களாங்க? ஆடு மேய்க்கிறவங்க, யாராச்சும்?" என்று கேட்டேன்.

"உங்களைத் தவிர ஈ காக்கா போகலையே. ஏண்ணே, மூஞ்செல்லாம் இப்படி வெளுத்துக் கெடக்கு? உக்காருங்க, மோர் குடிங்க. நாய் நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் வெந்துட்டீங்க."

இரண்டு டம்ளர் குடித்தேன்.

திரும்பும் பஸ்ஸில் நாய் பைக்குள் தூங்கியது. கொள்ளிடம் பாலத்தில் பையின் வாயை நன்றாகத் திறந்து வைத்தேன். வழி முழுக்க ஒரே ஒரு வாக்கியத்தை மனசுக்குள் சொல்லிப் பழகிக்கொண்டே வந்தேன். 'மாமா, நாயை விட முடியலை. நான் வேற இடம் பாத்துக்கறேன்.' டோல்கேட்டில் ஒரு தடவை. திருவானைக்காவலில் இறங்கும்போது ஒரு தடவை. டவுன் பஸ்ஸில் உதட்டை அசைத்தே சொல்லிப் பார்த்தேன், பக்கத்து ஆள் நகர்ந்து உட்கார்ந்தார். எப்படியும் சொல்லிவிடுவேன் என்றுதான் நினைத்தேன்.

சந்துக்குள் நுழையும்போது சாயங்காலம் ஐந்து மணி. மாமி கிணற்றடியில் பூத்தொடுத்துக்கொண்டிருந்தார். என் கையில் பை. பைக்குள் நாய். துண்டு மேலே மூடியிருந்தது.

"வாங்கோ வாங்கோ" என்றார் மாமி. "எவ்வளவு தூரம் போய் விட்டேள்?"

நான் வாயைத் திறந்தேன்.

"நீங்க எங்க விட்டா என்ன? அது உங்களுக்கு முன்னாடி வந்துடுத்து!"

"என்ன மாமி?"

"மத்தியானம் பன்னெண்டு, பன்னெண்டே கால் இருக்கும். பெருமாளுக்குத் தளிகை கண்டருளப் பண்ணிட்டு வெளில வரேன், இங்க உக்காந்துண்டிருக்கு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. பாவம், எத்தனை தூரம் ஓடி வந்துதோ. தயிர் சாதம் வெச்சேன், ஒரு பருக்கை விடலை. காதுல புண்ணு இருந்துதே, அதுக்கு மஞ்சளைக் குழைச்சுத் தடவினேன். அசையாமக் காட்டித்து. அப்பறம் நாலாவது தடவையா ஸ்நானம் பண்ணினேன்னு வெச்சுக்கோங்கோ."

மாமிக்குக் கண் நன்றாகத் தெரியும். போன வருஷம்தான் ஆபரேஷன் ஆகி, கண்ணாடி இல்லாமலே ஊசியில் நூல் கோர்க்கிறார்.

உள்ளேயிருந்து மாமா வந்தார். எப்போதும் இருக்கிற விறைப்பு இல்லை. "கொள்ளிடம் தாண்டி வந்துடுத்துன்னா அப்பறம் அதை விரட்டப்படாதுன்னு இவ சொல்றா. எனக்கும் என்னமோ சரின்னுதான் படறது. இருந்துட்டுப் போகட்டும். மூக்கை மூடினேளா, இல்லியா?"

"மூடினேங்க மாமா."

"அப்படியும் வந்துடுத்தே!" என்று அதிசயமாகத் தலையை ஆட்டினார்.

கையில் பை கனத்தது. உள்ளே நாய் ஒரு தடவை புரண்டு படுத்தது. பன்னிரண்டு மணிக்கு நான் மலை உச்சியில் நின்று கத்திக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். நாய் இதோ இருக்கிறது என்று துண்டை எடுத்துக் காட்டியிருக்கலாம். அப்போது மாமி யாருக்குச் சாதம் வைத்தார் என்ற கேள்வி வரும். அது திரும்பி வந்ததால் கிடைத்த அனுமதி, அது திரும்பி வரவே இல்லை என்று தெரிந்தால் இருக்குமா? பஸ்ஸில் பழகிய வாக்கியத்தை விட்டுவிட்டேன்.

"இப்ப எங்க மாமி இருக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

"உங்க வாசல்லதான் படுத்துண்டிருந்தது. போய்ப் பாருங்கோ."

என் அறை வாசலில் மடித்துப் போட்ட சாக்கு ஒன்று உண்டு. நாய் படுக்கிற சாக்கு. அதன் மேல் எதுவும் இல்லை. கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. சாயங்கால வெயில் அந்தப் பக்கம் வருவதில்லை.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுப் பையைத் திறந்தேன். நாய் வெளியே வந்து, சோம்பல் முறித்து, கதவைப் பிராண்டியது. திறந்தேன். சாக்கை வெகுநேரம் மோந்து பார்த்தது. பிறகு வாலை ஆட்டிவிட்டு ஓரமாகப் படுத்தது.

இது நடந்து ஒரு வருஷம் ஆகிவிட்டது. யாரிடமும் சொன்னதில்லை. மத்தியானம் நான் கிளினிக்கில் இருக்கும்போது மாமிதான் சாதம் வைக்கிறார். "இத்துனூண்டு வயிறு, ரெண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிடறது" என்று பெருமையாகச் சொல்கிறார். நாய் பருக்கவே இல்லை. இன்னும் அதே கட்டைப் பைக்குள் அடங்கும். கிளினிக்கில் நான் இப்போது எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுகிறேன். டோக்கன் எண் இல்லாமல் யாரையும் கூப்பிடுவதில்லை. கேட்கவில்லை என்று சொன்னால் பக்கத்தில் போய்ச் சொல்கிறேன்.

நாய் மட்டும் அன்றிலிருந்து சாக்கின் ஓரத்தில், பாதி இடம் விட்டுத்தான் படுத்தது. மழைக்காலத்திலும் அப்படித்தான், ஈரத் தரையில் பாதி உடம்பு கிடக்கப் படுக்கும். நடுவில் தள்ளி விட்டாலும் மறுபடி ஓரத்துக்கு வந்துவிடும். போன வாரம் இன்னொரு சாக்கை எடுத்துப் பக்கத்தில் விரித்துப் போட்டேன். நாய் எழுந்து அதை ஒருமுறை பார்த்தது. பிறகு தன் சாக்கின் நடுவில் போய், காலை நன்றாக நீட்டிப் படுத்துக்கொண்டது.